முறுக்குக் கடைக்கு எத்தனை கவுண்டர்?

“எஸ்.எஸ்.எம். எடுத்தாச்சு அண்ணே. கண்ணாடி போட்டு சுவத்துல மாட்டியும் வச்சிட்டேன். இப்ப வந்து லைசென்ஸ் எங்கேன்னு கேக்கறாங்க. அப்ப அது லைசென்ஸ் இல்லையா?”

கேட்டவர் ஜெராம் பாடாங் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது பகாவ் டவுனை ஒட்டிய ஒரு தாமானில் குடியிருக்கிறார். முறுக்கும் ஓமப்பொடியும் போடுகிறார். தீபாவளிக்கு மட்டும் என்று தொடங்கியது, ஆண்டு முழுதும் என்றாகிவிட்டது. இதே கேள்வியைப் பகாவில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு தே தாரேக் சொல்லிவிட்டு நிதானமாகப் பேச உட்கார்ந்தோம்.

“பிறப்புப் பத்திரம் இருந்தா காடி ஓட்டலாமாம்மா? அதுக்கு லைசென்ஸ் வேற எடுக்கணும்ல. எஸ்.எஸ்.எம். உங்க தொழிலோட பிறப்புப் பத்திரம், அவ்வளவுதான்” என்றேன். சிரித்துவிட்டார். பாதி விளங்கிவிட்டது.

எஸ்.எஸ்.எம். மத்திய அரசின் நிறுவனம். 1956ஆம் ஆண்டின் தொழில் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் அங்கே பதிய வேண்டும். சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி. ‘ஸ்ரீ முருகன் எண்டர்பிரைஸ்’ என்பதுபோல் கடைப்பெயர் வைத்தால் 60 வெள்ளி. இப்படி ஒருவர் தொழில் செய்கிறார் என்பதை அது பதிந்து வைக்கிறது. அந்தத் தொழிலை எந்த இடத்தில், என்ன சுத்தத்தில், எந்த நிபந்தனைக்கு உட்பட்டு நடத்தலாம் என்று சொல்லும் அதிகாரம் ஊராட்சி மன்றத்துடையது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. நெகிரி செம்பிலானில் ஏழு ஊராட்சி மன்றங்கள் உண்டு. சிரம்பான் மாநகர் மன்றம் ஒன்று. போர்ட்டிக்சனும் ஜெம்போலும் நகராண்மைக் கழகங்கள். ஜெலுபு, கோலப்பிலா, ரெம்பாவ், தம்பின் ஆகியவை மாவட்ட மன்றங்கள். பகாவ் ஜெம்போல் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. மாவட்ட மன்றமாக இருந்த அது 2019இல்தான் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் குழம்பிப் போவதில் வியப்பில்லை. கெடிஸ், செயின்ட் ஹெலியர், ஜெராம் பாடாங் என்று பகாவைச் சுற்றியிருந்த தோட்டங்களில் அரசாங்கம் என்றால் துரைதான். ரோடு கம்பெனி ரோடு. லயத்து விளக்கு, தண்ணீர்க் குழாய், ஆயாக் கொட்டகை, மருந்துக் கொட்டகை எல்லாமே கம்பெனியுடையவை. மளிகைக் கடை போட வேண்டுமானால் துரையிடமோ பெரிய கிராணியிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். சம்பளத்தன்று சேலை மூட்டையோடு வருகிறவருக்கும் அந்த ஒரு வார்த்தைதான் அனுமதி. தோட்டம் தனியார் நிலம். மன்றத்துக்கு உள்ளே வேலை குறைவு. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஆட்களைக் குறைத்து, குடும்பங்கள் டவுனுக்கு இறங்கியபோது உழைக்கத் தெரிந்த கை வந்தது. கவுண்டரில் நின்று பாரம் நிரப்பி, மூன்று வாரம் கழித்துப் போய் “என்ன ஆச்சு?” என்று கேட்கும் பழக்கம் வரவில்லை. டவுனில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கிற குடும்பங்களுக்கு அது கைவந்த வேலை. நம்மவர்கள் பலர் தொழிலில் பின்தங்கியதற்கு முதல் இல்லாமையை மட்டும் காரணம் சொல்கிறோம். இந்தப் பழக்கம் இல்லாமையும் அதே அளவுக் காரணம் என்பது என் எண்ணம்.

“சரிண்ணே, லைசென்ஸ் எடுத்தா அவங்க லோன் குடுப்பாங்களா?”

மாட்டார்கள். ‘வட்டாரப் பொருளாதார மேம்பாடு’ என்று மன்றத்தின் பேனரில் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுப் பணம் கேட்டுப் போனவர்கள் ஏமாந்து திரும்பியிருக்கிறார்கள். சிறுதொழில் கடன் கொடுப்பது தெக்குன் நேஷனல். 1998இல் தொடங்கியது. அதற்குள்ளேயே இந்தியத் தொழில்முனைவோருக்கென்று ஸ்பூமி திட்டம் இருக்கிறது. 2024இல் ‘ஸ்பூமி கோஸ் பிக்’ என்று வந்த பிறகு ஒரு லட்சம் வெள்ளி வரை கேட்கலாம். பெண்களுக்கு அமானா இக்தியார் இருக்கிறது. 1987 முதல் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுத்து வருகிறது. தெக்குன் போன்ற இடங்களில் பொதுவாக எடுத்த எடுப்பில் கேட்பது எஸ்.எஸ்.எம். நகலையோ மன்றத்தின் லைசென்ஸையோதான். மன்றம் பணம் தராது. ஆனால் அதன் காகிதம் கையில் இருந்தால் பணம் தருகிறவரின் கதவைத் தட்டுவது எளிது.

அப்படியானால் மன்றத்தின் கையில் இருப்பது என்ன? இடம்.

பசார் மாலாமை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஆறு நாள் அது வெறும் ரோடு. தார்மேல் பெயிண்டில் கட்டம் போட்டு எண் எழுதியிருக்கும். அதன்மேல் காடிகள் ஓடிக்கொண்டிருக்கும். சந்தை நாளன்று பிற்பகலில் வேன்கள் வந்து தத்தம் எண்ணில் பின்வாங்கி நிற்கும். கூடாரக் கம்பி இறங்கும், ஜெனரேட்டர் உறுமும், இருட்டுவதற்குள் ஒரு கடைத்தெருவே எழுந்துவிடும். இரவு பத்துக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, குப்பையைப் பையில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு எல்லோரும் கிளம்புவார்கள். மறுநாள் மறுபடியும் ரோடு. டவுனில் ஒரு கடையை வாடகைக்கு எடுப்பதென்றால் முன்பணம், வாடகை, மின்சார வைப்புத்தொகை, அலமாரி, பெயிண்ட் என்று முறுக்கு மாவைத் தொடுவதற்கு முன்பே ஆயிரக்கணக்கில் போய்விடும். பசார் மாலாமில் ஒரு கட்டத்துக்குக் கட்டும் கட்டணம் சொற்பம். கூட்டத்தை நீங்கள் அழைக்க வேண்டியதில்லை, அது தானாக வருகிறது. சாலையைச் சில மணி நேரம் மூடி, கோடு போட்டுக் கொடுப்பது மன்றத்துக்குச் சின்ன வேலையாகத் தெரியலாம். கையில் காசில்லாத ஒருவரைத் தொழிலுக்குள் கொண்டுவர இதைவிட நேர்மையான வழியை எந்த ஊர் மன்றமும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

அங்காடிக் கடைகளும் பொதுச் சந்தைக் கடைகளும் இதே வகைதான், கொஞ்சம் நிலையானவை. வெளிச்சந்தை வாடகையைவிடக் குறைவாக மன்றம் கொடுக்கும் இடங்கள். குறைவாகக் கொடுக்கிற இடத்தில் ஒரு நோயும் கூடவே வரும். லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்கும், அடுப்படியில் நிற்பவர் வேறொருவராக இருப்பார். பேர் உள்ளவர் மன்றத்துக்குக் கட்டுவதைப்போல் சில மடங்கை உள்வாடகையாக வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். லைசென்ஸ் ஆளுக்குரியது, கைமாற்றக் கூடாது; இது எல்லா மன்றத்திலும் விதி. நாடு முழுக்க இந்த விதி மீறப்படுவது எல்லோருக்கும் தெரியும். உண்மையான சிறு வியாபாரிக்கு உதவ ஒரு மன்றம் ஒரே ஒரு காரியம் செய்ய வேண்டுமென்றால், புதுக் கடை கட்டுவதற்கு முன் இருக்கிற கடைகளில் யார் நிற்கிறார்கள் என்று போய்ப் பார்க்கட்டும்.

“எனக்கு வீட்டுலயேதான்ணே போடணும். பிள்ளைங்க சின்னது.”

முடியும். வீட்டிலிருந்து செய்யும் சிறுதொழிலுக்கும் பல ஊராட்சி மன்றங்கள் இப்போது லைசென்ஸ் கொடுக்கின்றன. அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு உண்டா, புகை எங்கே போகிறது, காடி எங்கே நிற்கும் என்று பொதுவாகக் கேட்பார்கள். முறுக்கு என்றால் பெரிய கேள்வி எண்ணெய். பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் புகார் வருவதற்கு ஒரு மழை போதும். ஆறிய எண்ணெயை டின்னில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்க வருகிறவரிடம் விற்றுவிடுங்கள். கொஞ்சம் காசும் வரும், அமலாக்க அதிகாரியிடம் சொல்ல ஒரு பதிலும் இருக்கும்.

அதற்கப்புறம் சுகாதார அமைச்சு. உணவைக் கையால் தொடுகிற எல்லோரும் உணவு கையாளும் பயிற்சிக்குப் போக வேண்டும், டைபாய்டு ஊசி போட வேண்டும். 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகள் அப்படிச் சொல்கின்றன. ஊசி மூன்று ஆண்டுக்கு. பாக்கெட்டில் அடைத்துக் கடைக்குப் போடுவதென்றால் 1985ஆம் ஆண்டின் உணவு விதிப்படி லேபிள் வேண்டும்: என்னென்ன போட்டது, எடை எவ்வளவு, யார் செய்தது. பெரிய பேரங்காடிக்குள் போக நினைத்தால் அதே அமைச்சின் ‘மெஸ்தி’ சான்றிதழ் எடுத்து வைப்பது நல்லது.

“ஹலாலும் வேணுமா? நான் சாமி கும்பிடுற வீட்டுல செய்றேனே.”

கட்டாயமில்லை. ஆனால் பகாவில் உங்கள் முறுக்கை வாங்கப் போவது யார் என்று யோசித்துப் பாருங்கள் என்றேன். சுற்றிலும் செர்டிங், பாலோங், ராஜா அலியாஸ் என்று பெல்டா குடியேற்றங்கள். அங்கிருந்து வார இறுதியில் டவுனுக்கு வருகிற குடும்பங்கள் வாங்கினால்தான் பகாவில் எந்தக் கடையும் ஓடும். செம்பனை விலை ஏறிய மாதம் பகாவ் நகைக்கடையில் கூட்டம் தெரியும். இறங்கிய மாதம் சாப்பாட்டுக் கடையிலேயே தெரியும். சமையல் இடத்தை வழிபாட்டிலிருந்து பிரித்து, தனிச் சாமான்களோடு நடத்தத் தயார் என்றால் முஸ்லிம் அல்லாதவரும் ஹலால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். இது மன்றத்தின் வேலை இல்லை, சமய இலாகாவின் வேலை. கவுண்டர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவது எனக்கும் தெரிகிறது.

பலகையை மறந்துவிடக் கூடாது. கடைக்கு வெளியே ‘பலகாரம்’ என்று தமிழில் எழுதலாம், தடையில்லை. மலாய் மொழி முன்னால், பெரிய எழுத்தில் வர வேண்டும். வாசகத்தை அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசா சரிபார்க்க வேண்டும். விளம்பர லைசென்ஸ் தனி. அச்சகத்தில் பணம் கட்டுவதற்கு முன் இந்த அனுமதியை வாங்குங்கள். பலகை மாட்டிய பிறகு நோட்டீஸ் வாங்கி, கழற்றி, மறுபடி எழுதி இரட்டைச் செலவு செய்தவர்களை இந்த ஊரில் விசாரித்தால் உடனே கிடைப்பார்கள்.

மன்றத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும், பகாவ் வணிக ஊரானதற்கு மன்றம் காரணம் இல்லை. அது இருக்கும் இடம் அப்படி. ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றில் சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. பக்கத்திலேயே ஓடும் செர்டிங் ஆறு பகாங் ஆற்றோடு சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. இரண்டுக்கும் இடையே குறுகலான தரை. பழங்காலத்தில் படகைக் கரையேற்றி இந்தத் தரைமேல் இழுத்து அடுத்த ஆற்றில் விடுவார்கள். பெனாரிக்கான் என்ற அந்த வழியில்தான், மலாக்கா 1511இல் விழுந்தபோது சுல்தான் மஹ்மூட் பகாங்குக்குத் தப்பிப் போனார் என்பார்கள். பிறகு 1910இல் கிம்மாஸிலிருந்து ரயில் பாதை பகாவ் வரை வந்தது, ரப்பர் அதில் ஏறியது. அதன்பின் பெல்டா. ஒவ்வொரு காலத்திலும் யாரோ பாதை போட்டார்கள், ஊர் அதன் ஓரத்தில் கடை விரித்தது. இன்று அந்தப் பாதையில் பெரும் பங்கு சிரம்பானையும் கோலாலம்பூரையும் நோக்கிப் போகிறது, நம் பிள்ளைகளோடு. மன்றத்தால் இதைத் திருப்ப முடியாது. ஊரில் தங்கிவிட்டவருக்குத் தொழில் செய்ய இடம் பண்ணிக் கொடுக்க முடியும்.

அதைச் செய்ய மன்றத்துக்கு மனம் வருமா என்பது அதன் வருமானத்தைப் பார்த்தால் புரியும். பெரிய வருமானம் மதிப்பீட்டு வரி, நாம் வீட்டு வரி என்று சொல்வது. கட்டடத்தின் ஆண்டு மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று போடுவார்கள். சட்டம் அனுமதிக்கும் உச்சம் 35 விழுக்காடு. புதிதாக நாற்பது கடைவீடு எழும்பினால் வரிப் பட்டியலில் நாற்பது வரி கூடும், கடை ஓடினாலும் பூட்டிக் கிடந்தாலும். பசார் மாலாமில் நாற்பது கட்டம் கூட்டினால் கிடைப்பது சில்லறை. மேற்பார்வை, அமலாக்கம் என்று செலவுதான் கூடும். ஆகவே மேம்பாடு என்றதும் மன்றத்தின் கண் கட்டடத்தின்மேல் போவது இயல்பு. இதில் கெட்ட எண்ணம் என்று ஒன்றும் இல்லை, கணக்கு அப்படி அமைந்திருக்கிறது. ஆனால் ஐந்தடி நடைபாதை முழுக்கக் காலிக் கடையாகக் கிடக்கும் ஊர்களை நெகிரியிலேயே பார்க்கலாம்.

மன்றம் கொடுக்கிற வேலைகளும் உண்டு. சிறு பழுது பார்ப்பது போன்றவை. இவற்றுக்கு விலைப்புள்ளி கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். பதிவு செய்த சின்னக் குத்தகையாளர் இதில் கலந்துகொள்ளலாம். தோட்டத்தில் புல் மருந்து அடித்தும் கால்வாய் வெட்டியும் பழகிய ஆட்களுக்கு இப்படிப்பட்ட உடலுழைப்பு புதிதல்ல, பலகையைப் படிக்கிற வழக்கம்தான் புதிது.

இதுவரை சொன்னது மன்றம் நமக்குச் செய்யக்கூடியது. இனி, அது நம்மை என்ன செய்ய முடியும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். லைசென்ஸ் தாளின் நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை. சட்டம் 171இன் 107ஆம் பிரிவு, எந்த லைசென்ஸையும் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் மன்றம் இரத்துச் செய்யலாம் என்கிறது. இரத்தானால் இழப்பீடு இல்லை. ஒரு லைசென்ஸ் மூன்று ஆண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. நடப்பில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்தல்தான். இருபது ஆண்டு ஒரே இடத்தில் தோசை சுட்டவருக்கும் அந்த இடத்தில் சட்டப்படி உரிமை என்று எதுவும் சேர்வதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, இந்தியாவில் 2014இல் தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு. தமிழ்நாட்டில் அது எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று சென்னைப் பூக்கடைக்காரரிடம் கேட்டால் வேறு கதை சொல்வார். இருந்தாலும் வழக்கு மன்றத்தில் நீட்டிக் காட்ட அவர் கையில் ஒரு தாள் இருக்கிறது. நம் ஒட்டுக்கடைக்காரரிடம் இல்லை.

“அப்ப யாருகிட்டத்தான் போய்ச் சொல்றது அண்ணே? ஓட்டுப் போட்டோமே.”

சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போட்டோம். நகராண்மைக் கழகத்துக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. தலைவரும் எட்டிலிருந்து இருபத்து நான்கு வரை உறுப்பினர்களும் மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள். ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே வேண்டும் என்று 1968இல் அவருடைய ஆணையம் அறிக்கை கொடுத்தது. அரசு ஏற்கவில்லை, 1976ஆம் ஆண்டின் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆதி நாகப்பன் பெயரை நம் இளைஞர்கள் கேள்விப்பட்டிருந்தால் ஜான்சிராணிப் படையில் இருந்த ஜானகி அம்மையாரின் கணவர் என்றுதான் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த அறிக்கைக்காகவும் அவரை நினைக்கலாம்.

ஓட்டு இல்லையென்றாலும் சட்டத்தில் இரண்டு கதவுகள் திறந்தே இருக்கின்றன. சட்டம் 171இன்படி மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்தது. மூட வேண்டுமென்றால் அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுத்தான் மூட முடியும். இது ஒன்று. மற்றொன்று, நகர் நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டப்படி வட்டாரத் திட்டம் தயாராகும்போது வரைவைப் பொதுவில் வைத்து, குறைந்தது நான்கு வாரம் ஆட்சேபம் கேட்க வேண்டும். எந்த ரோட்டோரம் கடைக்கு, எந்த நிலம் வீட்டுக்கு, அங்காடி வளாகம் எங்கே என்பதெல்லாம் அந்த வரைபடத்தில்தான் முடிவாகிறது. அது முடிவான பிறகு எந்த உறுப்பினரிடம் போய் அழுதாலும் பலன் குறைவு.

ஜெம்போலில் வியாபாரம் செய்கிற நம்மவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த முழுக் கூட்டம் என்று நடக்கிறது, வட்டாரத் திட்ட வரைவு எப்போது பார்வைக்கு வருகிறது என்று பண்டார் ஸ்ரீ ஜெம்போல் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து போங்கள். ஆட்சேபத்தை மலாயில், எழுத்தில், கடை முகவரியும் லைசென்ஸ் எண்ணும் போட்டுக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.